கோடு போட்டால்தான் ஆட்டம்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். தேவகோட்டைப் பக்கம் பிறந்து கோயம்புத்தூரில் குடியிருக்கிறீர்கள். 11 வயது மகன் விடுமுறை முழுக்க ஃபோனும் கையுமாக இருக்கிறான். ஊரிலிருந்து வந்த உங்கள் மாமனார், "இதெல்லாம் ஒரு விளையாட்டா? நாங்க ஆடுனது பல்லாங்குழி, தாயம், கிட்டிப்புள். அதுல அறிவு வளரும்" என்றிருக்கிறார். பையன் விடாமல், "இதுவும் கேம்தான் ஐயா" என்றிருக்கிறான். அதனால் விளையாட்டு என்றால் என்ன, எத்தனை வகை, மனிதர்கள் ஏன் விளையாடுகிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் நாலாவது ஒன்று இருக்கிறது: இந்தச் சண்டையில் நீங்கள் யார் பக்கம் நிற்பது? அதற்கும் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 32 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, கோடை விடுமுறையில் எங்கள் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பழைய ஆட்டங்களைச் சொல்லித் தருகிறேன். ஆடியதையும் ஆடவைத்ததையும் பற்றித் தைரியமாகப் பேசுவேன். மூளை, மனநோய் என்று வரும்போது நான் வெறும் வாசகன். அந்த இடத்தில் என் சொல்லுக்கு அந்த அளவுக்கே மதிப்புக் கொடுங்கள்.

தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாய்க்குட்டி வாலைக் கடிப்பதும் விளையாட்டு, ஒலிம்பிக்கில் ஓடுவதும் விளையாட்டு, "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பதும் விளையாட்டு. மூன்றுக்கும் ஒரே சொல். தொல்காப்பியத்திலேயே "கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு" என்று ஒரு நூற்பா இருக்கிறது. கெடவரல், பண்ணை என்ற இரண்டு சொல்லுக்கும் விளையாட்டு என்று பொருள் என்கிறது. விளையாட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார் போலும். ஆனால் வள்ளுவர் வேறெதையோ சொல்லப்போய் நமக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். "அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்", 401-ஆவது குறள். படிக்காமல் சபையில் பேசுவது, அரங்கு இழைக்காமல் வட்டு ஆடுவது போல என்கிறார். அரங்கு என்பது தரையில் கீறிய கட்டம். கட்டம் கீறாமல் காயை உருட்டினால் அது உருட்டல், ஆட்டம் ஆகாது. விளையாட்டுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விளக்கம் இதுதான். கோடு போட வேண்டும், அந்தக் கோட்டை ஆடுகிற எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோடு என்ன செய்கிறது என்று பார்க்கக் கோலிக்குண்டு போதும். குண்டு குழியில் விழ வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நடந்து போய்க் கையால் போட்டுவிடலாமே? போடக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, விரலை வளைத்துத் தெறித்துத்தான் போட வேண்டும். சுலபமான வழியை நாமே அடைத்துவிட்டு, கஷ்டமான வழியில் போய் அதே இடத்தைச் சேர்வது. கனடாவில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ் 1978-ல் இதைத்தான் இலக்கணமாகச் சொன்னார்: தேவையில்லாத தடைகளை நாமாக ஏற்று அவற்றைத் தாண்ட முயல்வதே விளையாட்டு. அவருக்கு முன்னால் விட்கென்ஸ்டைன் என்ற தத்துவ அறிஞர், எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒரே அம்சம் கிடையாது, ஒரு குடும்பத்தில் மூக்கு ஒருத்தருக்கும் நடை ஒருத்தருக்கும் ஒத்துப்போவது போலத்தான் அவை ஒத்துப்போகின்றன என்று வாதிட்டார். இரண்டு பேருக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறது. விதி வைத்து ஆடும் ஆட்டங்களைப் பொறுத்தவரை நான் சூட்ஸ் கட்சி. தட்டாமாலை சுற்றுகிற குழந்தையைப் பார்க்கும்போது விட்கென்ஸ்டைன் சொன்னதும் சரியாகத்தான் படுகிறது.

இந்தக் கோட்டுக்கு எவ்வளவு பலம் என்று நான் முதலில் கண்டது ஒரு செட்டி வீட்டு வளவில். எனக்கு எட்டு வயசு இருக்கும். என் அப்பத்தா அந்த வீட்டில் மாவு இடிக்கப் போவாள். வீட்டு ஆச்சிக்கும் அப்பத்தாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. செட்டியார் மலேயாவுக்குக் கொண்டுவிற்கப் போய், மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கணக்கு முடித்து ஊர் திரும்பிய காலம் முழுக்க, மத்தியானங்களை ஆச்சி பல்லாங்குழியை வைத்தே ஓட்டினார்களாம். அவர் ஓய்ந்து ஊரோடு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. இரண்டாங்கட்டில், தூணுக்குப் பக்கத்தில், தேக்குப் பலகை விரியும். ஆச்சிக்குத் தூணில் சாய்மானம். அப்பத்தா தரையில் ஒரு காலை மடக்கி. மற்ற நேரமெல்லாம் அப்பத்தா அந்த அம்மாள் முன்னால் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டத்தில் மட்டும், "ஆச்சி, அது என் பசு, கையை எடுங்க" என்பாள். ஆச்சி மறுபேச்சில்லாமல் கையை எடுப்பார்கள். ஆட்டம் முடிந்து புளியங்கொட்டை பைக்குள் போனதும் அப்பத்தா பழையபடி உலக்கையைத் தேடிப் போவாள். சம்பளம் கூடவில்லை, உட்காரும் இடமும் மாறவில்லை. அதை நான் அழகாக்கிச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 14 குழிக்குள் இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான்.

பசு என்றால் தெரியாதவர்களுக்காக: வரிசைக்கு 7 குழி, இரண்டு வரிசை, குழிக்கு 5 காய், மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் காய் தீர்ந்ததும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவி, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்வீர்கள்; எங்கள் வீட்டு முறையில் அத்தோடு கை மாறும். நடுவில் ஏதாவது குழியில் சரியாக 4 காய் சேர்ந்தால் அது பசு. எந்தப் பக்கத்துக் குழியோ அந்தப் பக்கத்தார் எடுத்துக்கொள்ளலாம், யார் கை ஓடிக்கொண்டிருந்தாலும். ஊருக்கு ஊர் இது மாறும். எதிர்க்குழியையும் சேர்த்து அள்ளுகிற ஊர் உண்டு, காய் 6 வைக்கிற ஊர் உண்டு, நடுக்குழியைக் காசி என்று தனியாக வைப்பதும் உண்டு.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேடிக்கை காட்டுவேன். ஆட்டத்தின் முதல் கையில் எந்தக் குழியிலிருந்து தொடங்கினாலும், மேலே சொன்ன முறைப்படி, நீங்கள் எடுத்துக்கொள்ளப்போவது சரியாக 7 காய். ஆடிப் பாருங்கள். அஞ்சு தரம் அள்ளிப் போட்டதும், நாலாவதாக அள்ளிய குழி காலியாக நிற்கும்; அதற்கடுத்ததில் 7 இருக்கும். பலகை சுற்றி வருகிற வட்டம், எல்லாக் குழியிலும் ஒரே கணக்கு, அதனால் எங்கே தொடங்கினாலும் கதை ஒன்றுதான். "அப்ப எதுக்கு சார் யோசிக்கணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. எண்ணிக்கை மாறாது, ஆனால் நீங்கள் போன பிறகு எந்தக் குழி எதிராளியின் பக்கம் கனமாக நிற்கிறது என்பது மாறும். என் அப்பத்தா அதைத்தான் பார்ப்பாள். எடுப்பதை அல்ல, விட்டுவிட்டுப் போவதை.

வகைகளுக்கு வருகிறேன், இதை நீட்ட வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958-ல் நாலாகப் பிரித்தார்: போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, கிறக்கம். நம்மூர் ஆட்டங்கள் நாலிலும் சுலபமாக உட்காரும். சடுகுடுவும் கிளித்தட்டும் போட்டி. பரமபதம் சுத்த அதிர்ஷ்டம். சொப்புச் சாமானில் மண்சோறு ஆக்குவது பாவனை. தட்டாமாலையும் ஊஞ்சலும் கிறக்கம். வீட்டுக்குள்ளே, வெளியே, ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் பிரியமில்லை, ஏனென்றால் எங்கள் பள்ளியில் நல்ல கிட்டிப்புள் அடித்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். எனக்கு உதவுகிற பிரிவு ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆட்டத்தில் எவ்வளவு பங்கு உன் கையில், எவ்வளவு பங்கு உன் கையில் இல்லை?

ஒரு ஓரத்தில் ஆடுபுலி. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. எங்கள் ஊர் ஊருணிப் படிக்கல்லில் இதைக் கீறி வைத்திருக்கிறார்கள். கோயில் மண்டபத் தரைகளிலும் பார்த்திருப்பீர்கள். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. புலி ஓர் ஆட்டைத் தாண்டி அடுத்த புள்ளியில் குதித்தால் ஆடு போச்சு, ஆனால் அந்த அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும். அதனால் ஆட்டை ஓரத்தில் வை, முதுகுக்குப் பின்னால் இடம் விடாதே. இதைச் சொல்லிக் கொடுத்தும் எல்லாப் பிள்ளைகளும் முதல் ஆட்டை நடுவில்தான் வைக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, நோக்கம் வேறு என்று அமைத்ததுதான் இதன் அழகு. ஒன்றுக்குப் பல், மற்றதற்கு எண்ணிக்கை.

மற்ற ஓரத்தில் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுவது. என்னிடம் உள்ள அச்சுப் படத்தில் 132 கட்டம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, சோழி சொல்கிற இடத்துக்குக் காயை நகர்த்துவது தவிர. இதை 13-ஆம் நூற்றாண்டில் மராட்டிய மகான் ஞானதேவர் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. பழைய பாம்பு ஏணிப் படங்கள் இந்தியாவில் பல பகுதிகளில் கிடைத்திருப்பதும், அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய்க் கடைச்சரக்கானதும் உறுதி. ஒரு மகான் பெயரை முத்திரையாகக் குத்துவதற்கு ஆதாரம் போதாது. சதுரங்கம் திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் பிறந்தது என்பதும் அப்படித்தான். அங்கே சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது, தலபுராணமும் இருக்கிறது. ஆட்ட வரலாறு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் 6-ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவைக் காட்டுகிறார்கள்.

நடுவில் இருப்பது தாயம். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பித்தளைக் கட்டை இரண்டு; ஒவ்வொன்றிலும் நாலு முகம்; 1, 2, 3 புள்ளி, ஒரு முகம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது 1, விழுவது இரண்டு விதத்தில் மட்டும்: எட்டில் ஒரு பங்கு. காயை இறக்கத் தாயம் வேண்டும். "எட்டு வாட்டி உருட்டியும் தாயம் விழல, கட்டையில ஏதோ இருக்கு" என்று அழுகிற பிள்ளையிடம், எட்டு முறை உருட்டியும் விழாமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அழுகை நிற்கவில்லை. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் (இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் 12). அது 16-ல் 6 விதம். ஆக விழுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது, மலையில், அதாவது வெட்ட முடியாத கட்டத்தில், ஏறி ஒதுங்குவதா, எதிராளியின் காயை வெட்டப் போவதா என்பது முழுக்க உங்கள் கையில். இந்தக் கலவை ஏன் வேண்டும் என்றால், ஆறு வயதுப் பேத்தி அறுபது வயது ஐயாவை ஆடுபுலியில் ஜெயிக்கவே முடியாது, தாயத்தில் முடியும். தோற்றவருக்கும் "கட்டை விழல" என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருக்கும். வெவ்வேறு வயதுக்காரர்கள் ஒரு பாயில் உட்கார அதிர்ஷ்டம் ஒரு மரியாதையான ஏற்பாடு.

தெருவிளையாட்டில் அதே ஏற்பாட்டுக்கு வேறு பெயர்: உப்புக்குச் சப்பாணி. ஓடத் தெரியாத தம்பியை அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். அவனை விட்டுவிட்டு ஆடவும் முடியாது, சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெடும். அவன் ஓடலாம், பிடிக்கலாம், கத்தலாம். ஆனால் அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது, அவன் தொட்டாலும் கணக்கில்லை. எந்தப் பெரியவரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. சாட் பூட் த்ரீ போட்டு ஆள் பிரிப்பது, "இந்த வேப்பமரம் தாண்டினா அவுட்டு" என்று எல்லை பேசுவது, அழுகுணி ஆட்டம் ஆடுபவனை என்ன செய்வது என்று தீர்ப்புச் சொல்வது, எல்லாமே பிள்ளைகளின் சொந்த நிர்வாகம். மைதானத்தில் நான் பார்த்தவரை, அரைமணி நேர ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் பேச்சுவார்த்தை நடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வெட்டிப்பேச்சு என்று நினைத்து விசிலை ஊதிக் கெடுத்திருக்கிறேன். அந்தப் பேச்சும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

இன்னொன்றையும் அங்கேதான் கண்டேன். கள்ளாட்டம் ஆடுபவனைப் பிள்ளைகள் திட்டுவார்கள், ஆனால் மறுநாளும் சேர்த்துக்கொள்வார்கள். "போங்கடா, இதெல்லாம் ஒரு ஆட்டமா" என்று கட்டத்தைக் காலால் அழித்துவிட்டுப் போகிறவனைத்தான் மன்னிக்கவே மாட்டார்கள். டச்சு வரலாற்றாசிரியர் ஹெய்ஸிங்கா 1938-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கள்ளாட்டக்காரன் கோடு இருப்பதாகவாவது பாவனை செய்கிறான். கலைப்பவன் கோடே பொய் என்று காட்டிவிடுகிறான்.

கோடு இல்லாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எங்கள் சிராவயல் பொட்டலைக் காட்டுவேன். தை மாசம் மஞ்சுவிரட்டு. ஏறு தழுவுதல் கலித்தொகையின் முல்லைப் பாட்டிலேயே இருக்கிறது, 2014-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017 போராட்டத்துக்குப் பிறகு சட்டம் வந்தது, 2023-ல் அதே நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லவந்தது வேறு. வாடிவாசல் வைத்து நடத்தும் ஜல்லிக்கட்டில் மாடு வரும் வழி தெரியும். மஞ்சுவிரட்டில் மாடு திறந்த பொட்டலில் எந்தப் பக்கமும் ஓடும். அங்கே பிடிப்பவன் எங்கே முடிகிறான், வேடிக்கை பார்ப்பவன் எங்கே தொடங்குகிறான் என்று கோடு கிடையாது. குத்துப்படுகிறவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருப்பது அதனால்தான். அதை விளையாட்டு என்பதா, திருவிழா என்பதா என்று என்னைக் கேட்டால், திருவிழா என்பேன். மாட்டைக் கேட்டால் மூன்றாவது ஒரு பதில் கிடைக்கும்.

ஏன் விளையாடுகிறோம் என்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. பாலூட்டிகளின் குட்டிகள் பெரும்பாலும் விளையாடும் என்பது உறுதி. நாய்க்குட்டி முன்னங்காலை மடக்கி முதுகை உயர்த்தி நின்றால் "இனி நான் கடிப்பது கடி இல்லை" என்று மற்ற நாய்க்குப் புரிகிறது. அதுவும் ஒருவகைக் கோடுதான். ஆனால் எதற்காக என்று வரும்போது, பெரியவனானால் செய்ய வேண்டியதற்கு இது ஒத்திகை என்று எல்லோரும் சொல்கிற பதில் பாதிதான் நிற்கிறது. சாமான்களை உருட்டி விளையாட விடாமல் வளர்த்த பூனைகளும் வளர்ந்த பிறகு மற்றவை போலவே இரை பிடித்தன என்று ஓர் ஆய்வு உண்டு. அதனால் ஒரே காரணம் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஆச்சி ஆடியது காத்திருப்பதற்கு. தெருப்பிள்ளைகள் ஆடுவது கூட்டத்தில் ஓர் இடம் பிடிக்க. 7 பேர் நிற்கிற களத்துக்குள் 30 விநாடி மூச்சைப் பிடித்துத் தனியாக நுழையும் கபடிக்காரனைக் கேட்டால், "அந்த நேரம் வேற எதுவும் ஞாபகம் வராது சார்" என்பான். இவையெல்லாம் காரணங்கள்தான்.

"அறிவு வளரும்" என்ற மாமனாரின் பேச்சுக்கும் இதே பதில். பல்லாங்குழி ஆடினால் பல்லாங்குழி நன்றாக வரும்; குழியைப் பார்த்ததும் எண்ணாமலே எண்ணிக்கை தெரியும். எண்களை வரிசையாக எழுதிய பலகையில் காய் நகர்த்திய சின்னக் குழந்தைகளுக்கு எண்ணறிவு கூடியதாக அமெரிக்காவில் ஆய்வு வந்திருக்கிறது. அது பால்வாடி வயதுக்கு. பெரிய பிள்ளைகளுக்குச் சதுரங்கமோ பல்லாங்குழியோ பள்ளிக்கூடக் கணக்கைத் தூக்கிவிடும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். கணக்குக்காகப் பல்லாங்குழி ஆடுவதைவிடக் கணக்குப் போடுவது மேல். பல்லாங்குழியைப் பல்லாங்குழிக்காக ஆடலாம்.

இனி விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போகும் இடம். 1991-ல் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, பந்தலுக்குப் பின்னால் சீட்டு நடந்தது. உள்ளே வெளியே. மூளைக்கு வேலையே இல்லாத ஆட்டம். சீட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா, அவ்வளவுதான். முதல் பத்து நிமிஷத்தில் 300 ரூபாய் ஜெயித்தேன். விடியும்போது வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த 2,400 ரூபாய் போயிருந்தது. நடுவில் மூன்று முறை எழுந்தேன், மூன்று முறையும் உட்கார்ந்தேன். "வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று" என்று பலமுறை படித்திருக்கிறேன். அந்த 300 தான் தூண்டில் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லாங்குழியில் தோற்றால் அடுத்த ஆட்டத்தில் குழி மூடும். 27 காய் மட்டும் கிடைத்தவர் 5 குழி நிரப்பி, மீதி 2 காயைக் கையில் வைத்துக்கொண்டு, 2 குழியை மூடிவிட்டு ஆடுவார். வலிக்கும். ஆனால் அந்த வலி பையைக் கட்டியதும் முடிந்துவிடும். என் 2,400 முடியவில்லை, கோட்டைத் தாண்டி வீட்டுக் கூரைவரை வந்தது.

சட்டம் நெடுங்காலமாகத் திறமையா அதிர்ஷ்டமா என்றுதான் கேட்டது. 1967-ல் உச்ச நீதிமன்றம், மூணு சீட்டு போலல்லாமல் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றது. அந்த வழியில்தான் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற அந்தப் பாகுபாட்டையே ஒதுக்கி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை என்று சட்டம் செய்தது. வழக்கறிஞர்கள் இதில் வாதாடட்டும். பி.டி. வாத்தியாரின் அளவுகோல் எளிது: எழுந்து போக முடிகிறதா? போன பிறகு ஆட்டம் உன்னை விடுகிறதா?

உங்கள் மகன் விஷயத்துக்கு அதே அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஃபோனில் ஆடுவது விளையாட்டுத்தான். கோடு இருக்கிறது, தடை இருக்கிறது, விரும்பித்தான் ஆடுகிறான். பையன் சொன்னது சரி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மாமனார் சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கிறார். பல்லாங்குழியின் விதியை ஆடுபவர்கள் பேசி மாற்றலாம், ஃபோன் ஆட்டத்தின் விதியை வேறு யாரோ எங்கோ உட்கார்ந்து மாற்றுகிறார்கள், பல சமயம் பையன் எழுந்திரிக்காமல் இருப்பதற்காகவே. தினமும் வந்தால் பரிசு, திறந்தால்தான் தெரியும் அதிர்ஷ்டப் பெட்டி, காசு கட்டினால் பலம். எல்லா ஃபோன் ஆட்டமும் இப்படியில்லை. அதனால் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவனையே சொல்லித்தரச் சொல்லுங்கள். என் பேரன் எனக்குச் சொல்லித்தந்த ஆட்டம் ஒன்று ஆடுபுலியைவிடக் கடினம். நான் இன்னும் மூன்றாம் படியைத் தாண்டவில்லை.

நோயாகிவிட்டதோ என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றுக்கும் மேலாக அது வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இது வழக்கமாக 12 மாதமாவது நீடிப்பது. விடுமுறையில் நாலு மணி நேரம் ஆடுகிறான் என்பது மட்டும் அதில் வராது. நீங்கள் எழுதியதில் அவன் சாயங்காலம் கிரிக்கெட்டுக்கும் போகிறான் என்று இருக்கிறது. எனக்குப் பயம் தெரியவில்லை. உங்களுக்குப் பயம் போகவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், என்னை அல்ல.

மாமனார் ஊருக்குப் போவதற்குள் அவரையும் பையனையும் ஒரு பல்லாங்குழியில் உட்காரவைத்துவிடுங்கள். விதியை மாமனார் சொல்லட்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் ஒரு விதியைப் பையன் மாற்றட்டும். பலகை இல்லையென்றால், காரைக்குடி வரும்போது முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் தேக்கிலும் பித்தளையிலும் கிடைக்கும். மீன் வடிவத்தில் மடிகிற பலகை கண்ணைப் பறிக்கும், விலையும் பறிக்கும். அதுவரை முட்டை அட்டை போதும். ஆனால் 30 முட்டை அட்டையில் நீளவாட்டில் வரிசைக்கு 6 குழிதான் வரும், இன்னோர் அட்டையிலிருந்து இரண்டு குழி வெட்டி ஒட்ட வேண்டும். புளியங்கொட்டை 70 போதும் என்று கணக்குச் சொன்னாலும் 75 எடுத்து வையுங்கள். அஞ்சு கொட்டையாவது பீரோவுக்கு அடியில் உருண்டுவிடும்.